அரை வீசைக் குறைவு

விசாரணைக்கு இருந்தவர்களும் அவர்கள் இருந்த இடமும் வருமாறு.

மணியகாரர் சாமியப்பன், எடைக்கொட்டாயின் நடுவில், மர நாற்காலியில். தோட்ட முதலாளி அர்த்தனாரி, அவருக்கு வலப்பக்கம், கம்பளி விரித்த சாய்வு நாற்காலியில். பாவாயி, உள்சுவர் ஓரம், கயிற்றுக் கட்டிலில்; இடது காலில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டு. அவள் புருஷன் ராசப்பன், கட்டிலின் கால்மாட்டில், தரையில். தலையாரி, வாசல் நிலையோரம், ஒரு காப்பி மூட்டையை அணைத்தபடி குந்தி. எழுதுகிறவனாகிய நான், சின்னுசாமி, கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல்.

சுமைக்காரர்கள் இருபத்துமூன்று பேர். அவர்கள் உட்காரவில்லை. விசாரணைக்காக வேலை நிற்கக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

தாது வருஷம், தை மாதம் பதினொன்றாம் தேதி. பொழுது இன்னும் கிளம்பவில்லை. களத்தில் இரவெல்லாம் கிடந்த மூட்டைகள் பனியில் ஊறிக் கறுத்திருந்தன. சாக்கைத் தொட்டால் விரல் நனையும். எடை மேஸ்திரி ஒவ்வொன்றாகத் தராசில் மாட்டி, இரண்டு மணங்கு சரி, இரண்டு மணங்கு சரி என்று சொல்லிக்கொண்டே போனார். ஆள் முட்டி போட்டுக் குனிய, இரண்டு பேர் மூட்டையைத் தூக்கிச் சும்மாட்டின்மேல் வைப்பார்கள். கழுத்து ஒரு விரற்கடை உள்ளே இறங்கும். பிறகு வாயால் மூச்சு விட்டபடி எழுந்திருக்க வேண்டும். சாக்கிலிருந்து வழியும் நீர் காதோரமாக இறங்கி முதுகுக்குள் போகும். அதைத் துடைக்கக் கை கிடையாது. மலைமேல் இருக்கும் எடப்புளி நாட்டிலிருந்து அடிவாரத்துப் பேளுக்குறிச்சிப் பக்கம் இறங்குகிற ஒற்றையடிப் பாதையில் ஐந்து மணி நேரம் இப்படியே நடக்க வேண்டும். அடிவாரத்தில் வெயில் ஏறியிருக்கும். லாரி நிற்கும். அங்கே இன்னொரு தராசு இருக்கும்.

அந்தத் தராசைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

மேலே இரண்டு மணங்கு, அதாவது பதினாறு வீசை, சரியாக இருந்த மூட்டை கீழே அரை வீசை குறைந்தால், சுமந்தவர் வழியில் திருடியதாகக் கணக்கு. அதற்கு முதலாளி அடிப்பதில்லை, போலீசுக்குக் கொடுப்பதில்லை. அடிவாரத்து ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து, அன்றைக்கே மலையேறிச் சுமந்து வந்து, தன் வீட்டு வாசலில் தானே வைக்க வேண்டும். அதற்குக் குறைகல் என்று பெயர். எங்கள் மலைக்கல் முரடு, பொரிந்த மாதிரி இருக்கும். ஆற்றுக்கல் வழவழப்பாக, முட்டை போல இருக்கும். எந்த வாசலில் கிடந்தாலும் பார்த்த உடனே தெரியும். ஐந்து கல் சேர்ந்தால் அந்த ஆளுக்கு அரைக் கூலிதான். கல்லை எடுத்து எறிந்தால் வேலையே இல்லை.

நான்கு வருஷமாக இதுதான் நடப்பு. பனிக்காலத்தில் கற்கள் கூடும், கோடையில் கூடுவதில்லை. இதை எல்லோரும் பார்த்திருந்தோம். பனிக்காலத்தில் பசி அதிகம், அதனால்தான் கை நீளுகிறது என்று முதலாளி சொன்னார். அதை நாங்களும் ஏறக்குறைய நம்பினோம். தான் எடுக்கவில்லை என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். அடுத்தவர் எடுத்திருக்கலாம் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

பாவாயி வாசலில் ஏழு கல். அவள் மகள் அம்சவேணியைப் பெண் கேட்டு வளப்பூர் நாட்டிலிருந்து தை பிறந்ததும் நான்கு பேர் வந்தார்கள். வாசலில் நின்றார்கள். ஒருவர் வாய்க்குள் எண்ணினார். தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனார்கள். நான்காம் நாள் காலை பாவாயி மூட்டையோடு கிளம்பினாள். மூன்றாவது சுமைதாங்கிக் கல்லில் மூட்டையை இறக்கி வைத்தாள். சும்மாட்டுத் துணியை உதறி, நான்காக மடித்து, மூட்டையின்மேல் வைத்தாள். பிறகு பாதையை விட்டுப் பள்ளத்தின் ஓரத்துக்குப் போனாள். கீழே இருந்த புதரும் மூங்கிலும் அவளைப் பிடித்துக்கொண்டன. பின்னால் வந்த அத்தாயிதான் முனகல் கேட்டு ஆட்களைக் கூப்பிட்டாள்.

மணியகாரருக்கு ஆள் போனது. சாட்சிப் பொருளை யாரும் தொடக் கூடாது என்று அவர் சொல்லியனுப்பினார். இரண்டு பகல், இரண்டு இரவு தலையாரி அந்த மூட்டைக்குக் காவல் இருந்தார். மூன்றாம் நாள் அதை மேலே கொண்டுவந்து கொட்டாய்க்குள் வைத்தார்கள். விசாரணை நாலாம் நாள்.

"ஆரம்பிக்கலாங்களா?" என்றார் மணியகாரர்.

"சுருக்கா முடிங்க. கீழே லாரி நிக்குது" என்றார் முதலாளி.

மணியகாரர் கட்டிலைப் பார்த்தார். "ஏம்மா பாவாயி, கால் தவறி உழுந்தியா?"

பாவாயி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"சும்மாடு மடிச்சு வெச்சிருக்குது" என்றார் முதலாளி. "கால் தவறுறவ துணி மடிச்சு வெச்சுட்டா தவறுவா? ரோசக்காரப் பொம்பள. களவாண்டது ஊருக்குத் தெரிஞ்சு போச்சு, சம்மந்தம் நின்னு போச்சு. மனசு பலமில்லாதவங்க செய்யிற வேலைதான் இது."

மணியகாரர் பெருமூச்சு விட்டார். "அவ தலையெழுத்து. ஆனா ஒண்ணு சொல்லிப்போடறேன். தன் உசிரைத் தானே மாய்ச்சுக்கப் பார்த்தாலும் சட்டத்துல அது குத்தம். ஒரு வருசம் வரைக்கும் ஜெயில் போடலாம்."

வரிசையில் மூட்டைக்காகக் குனிந்திருந்த அத்தாயி தலையை நிமிர்த்தினாள். நாற்பது வயது இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் புருஷனை இழந்தவள். "ஏனுங்க, செத்துப் போயிருந்தா?"

"செத்துப் போயிருந்தா யாரைப் புடிக்கிறது? கேசு இல்லை."

"அப்பப் பொழைச்சுக்கிட்டதுதான் குத்தமுங்களா?"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது. மணியகாரர் என் பக்கம் திரும்பி, "சாட்சிப் பொருள் விவரம் எழுதிக்கோ" என்றார். "மூட்டை ஒண்ணு. சும்மாட்டுத் துணி ஒண்ணு. எடை என்ன?"

"ரெண்டு மணங்கு. அன்னிக்குக் காலையில நாந்தான் போட்டேன்" என்றார் மேஸ்திரி.

"போட்டுப் பார்த்தே எழுதிருவோம். நாளைக்குக் கோர்ட்டுல கேப்பாங்க."

தலையாரி மூட்டையைத் தூக்கித் தராசில் மாட்டினார். சாக்கு வெளுத்து உலர்ந்திருந்தது. எடைக்கல் பக்கம் தாழ்ந்தது. மேஸ்திரி தராசுச் சட்டத்தைக் கையால் நிறுத்தி, விட்டு, மறுபடி பார்த்தார். எடைக்கல்லை மாற்றினார். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அரை வீசை குறையுதுங்க. கொஞ்சம் மேலயே குறையுது."

களத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் தூக்கிய நிலையில் நின்றார்கள்.

"தலையாரி" என்றாள் அத்தாயி, மெதுவாக, "எத்தனை படி வறுத்துக் குடிச்சே?"

தலையாரிக்கு முகம் வெளிறிவிட்டது. "சாமி சத்தியமா இல்லீங்க. நான் சோத்துக்குக்கூட அந்த இடத்தை விட்டு நவுரலீங்க. எம் பொண்டாட்டி கொண்டாந்து குடுத்தா. முடிச்சைப் பாருங்க, மேஸ்திரி போட்ட முடிச்சு அப்படியே இருக்குது."

"இருக்குது" என்றார் மேஸ்திரி.

"சர்க்காரு காவல்ல இருந்த மூட்டை" என்றாள் அத்தாயி. "ரெண்டு நாளு வெயில்ல கெடந்துச்சு. பனித்தண்ணி போயிருச்சு. சரி, கணக்குன்னா எல்லாத்துக்கும் ஒரே கணக்கு. தலையாரி, நீ கீழே போறப்ப ஒரு ஆத்துக்கல்லு பார்த்து எடுத்தாந்து உன் ஊட்டு வாசல்ல வெச்சுக்கோ. சின்னதாப் பார்த்து எடு, முதல் தடவைதானே."

இந்தத் தடவை சிரிப்பு நிற்கவில்லை. தலையாரியும் சிரித்தார், பிறகு மணியகாரரைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பாவாயி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தலையைத் திருப்பித் தராசைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

முதலாளிக்கு இது முன்பே தெரியுமா, தெரியாதா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"எலி கடிச்சிருக்கும். அதை உடுங்க. நானும் ஈவு இரக்கம் இல்லாதவன் இல்லை. ஒரு பொம்பளையை ஜெயிலுக்கு அனுப்பி எனக்கு என்ன ஆகப்போகுது? சின்னுசாமி, எப்பவும் எழுதற மாதிரி எழுது. வயித்துவலி. வலி தாங்காம மூட்டையை எறக்கி வெச்சா, மயக்கம் வந்து உழுந்துட்டா. முடிஞ்சுது. மணியகாரர் என்ன சொல்றீங்க?"

மணியகாரரின் தோள்கள் தளர்ந்தன. "அது ஒரு வழிதானுங்க" என்றார். ராசப்பன் தரையிலிருந்து என்னை அண்ணாந்து பார்த்தான். எழுது என்று சொல்லுகிற பார்வை.

என் கை எழுதத் தொடங்கியிருந்தது. "மேற்படி பாவாயி என்பவள் தீராத வயிற்றுவலியால்" என்பது வரை வந்துவிட்டது. நான் யோசித்து எழுதவில்லை. அந்த வாக்கியத்தை நான் நான்கு தடவை எழுதியிருக்கிறேன்.

சேந்தமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறு வகுப்புப் படித்தவன் நான். எழுதியது எதற்கும் நகல் வைக்க வேண்டும் என்பது அங்கே படிந்த பழக்கம். அத்தாயியின் புருஷன், பாப்பாத்தி, கண்ணாயி, சுமைக்காரி மாதம்மாளின் தம்பி. நான்கு பேரும் தங்கள் கையாலேயே போனவர்கள். சாவு விசாரணைக்கு எழுதிய நான்கு மகஜரிலும் ஒரே வாக்கியம், பெயர் மட்டும் வேறு. அப்படி எழுதினால் உடம்பைக் கீழே கொண்டுபோய் அறுக்க மாட்டார்கள், குடும்பத்துக்குப் பழி இல்லை. ஊர் கேட்டது, நான் எழுதினேன். இரக்கம் என்று நினைத்துத்தான் எழுதினேன்.

அந்த இரக்கம் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே ஊரில் நான்கு வயிற்றுவலிச் சாவு என்று காகிதத்தில் பார்த்துவிட்டுக் கீழேயிருந்து ஒரு அதிகாரி வந்தார். எங்கள் ஊற்றைப் பார்த்தார். தண்ணீர்தான் காரணம் என்று சொல்லிச் சுண்ணாம்பு கொட்டி, பலகை அடித்து மூடினார். அந்தத் தண்ணீரில் ஒரு குற்றமும் இல்லை என்று ஊருக்கே தெரியும். அதைச் சொன்னால் வயிற்றுவலி பொய் என்று ஆகிவிடும். யாரும் வாய் திறக்கவில்லை. மலை இறங்கி ஏறி வந்த கால்களோடு பெண்கள் இரண்டு வருஷமாக ஓடைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருகிறார்கள். போகவர ஒரு மணி நேரம். பாவாயியும் போனாள்.

அந்த நாலு வாசலிலும் எத்தனை கல் கிடந்தது என்று எந்த மகஜரிலும் நான் எழுதவில்லை. யாரும் கேட்கவில்லை. நானும் நினைக்கவில்லை.

"எனக்கு வயிறு வலிக்கலை."

பாவாயியின் குரல். நான்கு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு. கொட்டாயில் எல்லோரும் திரும்பினோம்.

"கண்ணு, பேசாம இரு" என்றான் ராசப்பன். "எழுதட்டும். நீ ஜெயிலுக்குப் போயிட்டா அம்சவேணி என்ன பண்ணுவா?"

"வயிறு வலிக்கலைங்க" என்றாள் மறுபடியும், மணியகாரரைப் பார்த்து. குரலில் அழுகை இல்லை, கோபமும் இல்லை. விலாசம் சொல்லுகிற மாதிரி சொன்னாள். "நான் ஒரு கொட்டை எடுத்ததில்லை. ஆனா ஏழாவது கல்லை வெச்சப்போ, தூக்கத்துல எடுத்திருப்பனோன்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு. மடியை மடியைத் தொட்டுப் பார்த்துக்குவேன். இப்பத்தான் தெரியுது. தண்ணிதான் குறைஞ்சிருக்குது." என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். "வயித்துவலின்னு எழுதினா நான் களவாணியாவே இருப்பேன். எம் பொண்ணு களவாணி மகளா இருப்பா. நடந்ததை எழுதுங்க. ஜெயில்ல கல்லு சுமக்கச் சொல்ல மாட்டாங்கல்ல?"

ராசப்பன் தலையைக் கட்டில் சட்டத்தில் சாய்த்துக்கொண்டான்.

அத்தாயி தராசுப் பக்கம் வந்தாள். "சின்னுசாமி, எம் புருசனுக்கும் வயிறு வலிக்கலை. கும்பா நெறையக் களி தின்னுட்டுத்தான் போனாரு. எங்க வாசல்ல ஆறு கல்லு. நாந்தான் உங்கிட்ட வந்து வயித்துவலின்னு எழுதச் சொன்னேன். அதையும் எழுது."

வாசலில் ஒரு சத்தம் கேட்டது. மாதம்மாள் தலையிலிருந்த மூட்டையைத் தரையில் இறக்கியிருந்தாள். "என் தம்பிக்கும்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவர் மூட்டையை இறக்கினார். பிறகு அடுத்தவர். யாரும் சைகை காட்டவில்லை. களத்தில் மூட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் உட்காரும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசி மூட்டையும் இறங்கிய பிறகு அவர்களும் உட்கார்ந்தார்கள், ஈரத் தரையிலேயே, மூட்டைக்குப் பக்கத்தில்.

முதலாளி எழுந்துவிட்டார். "என்ன இது? லாரிக்காரனுக்கு யாரு பதில் சொல்றது?"

"மூட்டை காயட்டுமுங்க" என்றார் வரிசையிலிருந்த ஒருவர். "பொழுது ஏறினப்பறம் எடை போடுங்க. அந்த எடையை எழுதிக் குடுங்க. தூக்கறோம்."

"நீ எனக்குச் சொல்லித் தர்றியா? நாளைக்கே கீழ்நாட்டுலருந்து அம்பது ஆளைக் கூட்டிக்கிட்டு வருவேன்."

"கூட்டியாங்க" என்றாள் அத்தாயி. "அவுங்க தலையில வெச்சாலும் மூட்டை இதே மாதிரிதான் காயும். அவுங்களுக்கும் சொல்லிப்போடறோம்."

"குடியிருக்கிற ஊடு தோட்டத்து ஊடு. ஞாபகம் இருக்கட்டும்."

அது எல்லோருக்கும் ஞாபகம் இருந்தது. முதலாளி கம்பளியை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போனார். மேஸ்திரி அவர் பின்னால் நாலு எட்டு நடந்தார், பிறகு தராசைக் கழற்ற வேண்டும் என்பது போலத் திரும்பி வந்து அங்கேயே நின்றுகொண்டார்.

மணியகாரர் நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். "நான் என்ன பண்ணட்டும்? வயித்துவலின்னு எழுத முடியாது, அவளே இல்லைங்கறா. நடந்ததை நடந்தபடி ரிப்போர்ட் பண்ணுவேன். அவ மேல கேசு வரும். என்னால நிறுத்த முடியாது."

"எடையை எழுதுவீங்களா?" என்று கேட்டேன்.

அவர் தராசைப் பார்த்தார், தலையாரியைப் பார்த்தார். "எடையை எழுதித்தான் ஆகணும். என் காவல்ல குறைஞ்சது" என்றார். தனித் தாளில், அரை வீசைக்கு மேல் குறைவு, முடிச்சு பிரிக்கப்படவில்லை என்று எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். "மத்ததை நீங்களே மாஜிஸ்திரேட்டுக்கு ஒரு மனுவா எழுதிக்கங்க. இதை நான் குடுத்தேன்னு சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க." கையெழுத்து அவருடையது. அதைப் பார்த்தால் யாருக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்தேதான் இருந்தது.

நான் எழுதியிருந்த தாளைக் கிழித்தேன். புதுத் தாள் எடுத்தேன்.

மாஜிஸ்திரேட் அவர்கள் சமூகத்துக்கு, சோளப்பாறை ஊர் சுமைக்காரர்கள் எழுதிக்கொண்டது. முதலில் எடை. அடுத்து குறைகல்: எந்த வாசலில் எத்தனை, எந்த மாதம் வைத்தது. ஒவ்வொருவரும் தங்கள் வாசல் கணக்கைச் சொன்னார்கள். இதுவரை யாரும் இதை அடுத்தவர் காதுபடச் சொன்னதில்லை. ஒருவர் சொல்ல, அடுத்தவர், "உனக்கும் மார்கழியிலயா?" என்று கேட்டார். எல்லோருக்கும் ஐப்பசி முதல் தை வரையே இருந்தது. அதற்கு அடுத்து நான்கு பெயர்கள். இவர்கள் இறந்தது வயிற்றுவலியால் அல்ல, முன்பு அப்படி எழுதியது தவறு, எழுதியவன் சின்னுசாமி, எழுதச் சொன்னவர்கள் நாங்கள் எல்லோரும். ஊற்றுத் தண்ணீரில் குற்றமில்லை, திறந்துவிட வேண்டும். மூட்டையை உலர்த்தி எடை போட வேண்டும். கடைசியில் இதை எழுதினேன்:

"பாவாயி செய்தது குற்றமென்று விசாரிப்பதானால் அவளைத் தனியாக விசாரிக்க வேண்டாம். வாசலில் ஆற்றுக்கல் உள்ள நாங்கள் அனைவரும் அவளுடன் வந்து நிற்போம். எங்களையும் கேட்க வேண்டும்."

"பாவாயி பேரை நடுவுல எங்காச்சும் போடு" என்றான் ராசப்பன். "முதல்ல போட்டா அவ மேலதான் கண்ணு உழும்."

"முதல்லயே போடு" என்றாள் பாவாயி.

அவள் ரேகையை முதலில் எடுத்தேன். கட்டிலில் படுத்தபடி கட்டைவிரலை நீட்டினாள். விரல் பனியைப் போலக் குளிர்ந்திருந்தது. பிறகு ராசப்பன், அத்தாயி, மாதம்மாள், மற்றவர்கள். காற்று தாளைத் தூக்கியது. களத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அம்சவேணி போய் அவள் வீட்டு வாசலிலிருந்து ஒரு ஆற்றுக்கல்லைக் கொண்டுவந்து மனுவின்மேல் வைத்தாள். கல் சரியாகப் பொருந்தி உட்கார்ந்தது. மேஸ்திரி ரேகை வைக்கவில்லை. ஆனால் மைக்கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசை முடியும்வரை நின்றார்.

என் பெயரைக் கடைசியில் எழுதினேன். நகல் ஒன்று எடுத்தேன். மணியகாரரின் எடைத் தாளையும் பழைய நான்கு மகஜர்களின் நகல்களையும் உள்ளே வைத்து மடித்தேன். அரக்கு இல்லை. அம்சவேணி பலாமரத்தைக் கீறிக் குச்சி நுனியில் பால் எடுத்துவந்தாள். உறையின் மடிப்பில் தடவி, கல்லால் அழுத்திப் பிடித்தேன். ஒட்டிக்கொண்டது. இனிப் பிரித்தால் கிழியாமல் பிரிக்க முடியாது.

அத்தாயி கொண்டுபோகிறேன் என்றாள். பேளுக்குறிச்சி தபால் பெட்டியில் போட்டால் போதாது, தபாலாபீசில் நேரிலேயே கொடுத்து ரசீது வாங்க வேண்டும் என்றேன். "வாங்கிட்டு வாரேன்" என்றாள். பாதையில் பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. உறையை உலர்ந்த வாழைச் சருகில் இரண்டு சுற்றுச் சுற்றி, நாரால் கட்டி, அவள் சும்மாட்டுத் துணியின் நடுவில் வைத்து மடித்துக் கொடுத்தேன். தலையில் மூட்டை இல்லாமல் அந்தப் பாதையில் அவள் இறங்குவது அதுதான் முதல் தடவை. கொஞ்ச தூரம் வரை பழக்கத்தில் கழுத்தை விறைத்துக்கொண்டே நடந்தாள்.

"நனையாமப் பார்த்துக்கோ" என்று கட்டிலிலிருந்து பாவாயி சொன்னாள். "கீழ போய்ச் சேர்றப்ப எதுவும் குறையக் கூடாது."